அக்காவுக்கு நாலு பல்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டு, நேரத்துக்குத் திட்டும் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறேன். திட்டுவது யார் என்று உனக்குத் தெரியும், என் வீட்டுக்காரிதான். இதை எழுதும்போதும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் ஸ்டெம் செல் என் உடம்பில் ஏறி இன்றோடு நூற்றுப் பத்து நாள். போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்ப உங்க உடம்புல ஓடுறது முழுக்க உங்க அக்கா ரத்தம்தான்" என்றார். ரத்தப் புற்றின் சுவடே இல்லையாம். என் ரத்த வகை மாறி உன் வகை ஆகிவிட்டது. அது மட்டுமா, உன் தும்மலும் வந்து சேர்ந்துவிட்டது. காலையில் போர்வையை உதறினால் வரிசையாக ஏழெட்டு. அடுக்களையிலிருந்து இவள், "அண்ணி எழுந்துட்டாங்க போல" என்கிறாள்.

எங்கள் பல் லேபுக்குப் போக இன்னும் அனுமதி இல்லை. பவுடர் தூசி ஆகாதாம். கூட்டாளி பல் செட்டுகளைச் செய்து, கழுவி, டப்பாவில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறான். நான் கடைசித் தடவல் மட்டும் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஓரம் முழுக்க விரலை ஓட்டுவேனே, அதுதான். என் விரல் தடவாமல் எங்கள் லேபிலிருந்து இதுவரை ஒரு செட்டும் வெளியே போனதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் தொழிற்சாலைப் படியில் விழுந்து முன்பல் நாலையும் உடைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாய். பல் செட் செய்கிறவன் தம்பியாக இருந்தும் இப்படியா? அங்கே ஒரு பல் டாக்டரிடம் அச்சு எடுத்து அனுப்பு. உன் செட்டை நான் மட்டும்தான் தொடுவேன். முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீரில் நனைத்தே ராவுகிறேன் என்று இவளிடம் சத்தியம் செய்து அனுமதி வாங்கிவிட்டேன்.

உன் காதுக்குப் போன் சரிப்படாது என்பதால் எனக்கு மறுபடியும் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. பதில் போடு.

உன் தம்பி,
சுண்டு


பிப்ரவரி 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நலம். முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. காதும் அப்படியே. முப்பது வருடமாக அட்டைப்பெட்டி மெஷின் பக்கத்தில் நின்றதற்குக் கம்பெனி கொடுத்த பரிசு அது. சூப்பர்வைசர் திட்டுவது கேட்பதில்லை என்பதால் லாபம்தான்.

அச்சு எடுத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் தொழிற்சாலைப் பெட்டியில்தான் கட்டினேன், உடைந்திருக்காது. அந்தப் பல் டாக்டர் சின்னப் பெண். "யார் செஞ்சு தரப்போறாங்க?" என்று கேட்டாள். "என் தம்பி" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா?

என் ரத்தம் அங்கே ஒழுங்காக நடந்துகொள்கிறதா? அதன் குணம் எனக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயது, உனக்கு ஐந்து. பெஞ்சியில் சாக்பீஸால் கோடு போட்டு, "தாண்டி வந்தே, கடிச்சிருவேன்" என்றேன். நீ தாண்டினாய், நான் கடித்தேன். உன் இடது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் பார்த்தேன். என் ரத்தம் உன்னோடு சண்டை போட்டால் உடனே எழுது. வந்து இரண்டு போடு போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. கையெழுத்து கோணலாக இருக்கிறது, பேனா சரியில்லை.

இத்துடன் உன் நாலு பல். நிறத்துக்கு மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெள்ளை வெளேரென்று வைத்தால் உன் மற்ற பற்கள் கோபித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் டீ குடித்த நிறம். கடைசித் தடவலை நாலு முறை பார்த்தேன். கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. நேற்று மருந்துக்கடைக்கு நடந்து போனேன். கடைக்காரர் என் காலைப் பார்த்துச் சிரிக்கிறார். குனிந்து பார்த்தால் ஒற்றைச் செருப்பு. மற்றது எங்கே கழன்றது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது நடுத்தெருவில் கிடந்தது. சின்ன வயதில் உனக்குத் தெரியாமல் நான் எத்தனை செருப்புத் தொலைத்திருப்பேன், அந்தப் பாவம்.

போட்டுப் பார். உறுத்தினால் ஒளிக்காமல் எழுது. உறுத்தாது என்று நினைக்கிறேன்.

சுண்டு


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமே. நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும்.

பல் வந்து சேர்ந்தது. போட்டேன். கச்சிதம் என்றால் அப்படி ஒரு கச்சிதம். நிறம் அச்சு அசல் என் பல். தொழிற்சாலையில் எல்லோரும், "பத்து வயசு குறைஞ்சிருச்சே" என்றார்கள். சூப்பர்வைசர் கூட ஏதோ சொன்னார். கேட்கவில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னதால் நல்லதாகத்தான் இருக்கும்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். வாயைத் திறந்து சிரித்திருக்கிறேன், பார்த்துக்கொள். உன்னைப்போல வேலைக்காரன் இந்த உலகத்திலேயே கிடையாது.

இப்போதெல்லாம் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். வயதாகிறது, வயிற்றுக்கு இதுதான் இதமாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

செருப்பை வாருள்ளதாக வாங்கு.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். எழுதுவதற்கு இவளுக்குக் கூலி உண்டு, காலையில் காப்பி நான்தான் போடவேண்டும். (பொய் சொல்கிறார் அண்ணி. காப்பி போட்டு ஒரு மாதம் ஆகிறது. இதை எழுதாதே என்கிறார், எழுதிவிட்டேன்.)

எனக்கு நரம்பில் கொஞ்சம் பலவீனம். பாதமும் விரல் நுனியும் மரத்துப்போகின்றன. இவ்வளவு மருந்து தின்ற உடம்பில் இதெல்லாம் சகஜம். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். இனி மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டும். படி ஏறும்போது வலது பாதம் தொங்குகிறது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள், செருப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன். இனி செருப்புத் தொலையாது.

உன் போட்டோவை மேஜையில் வைத்திருக்கிறேன். பல் நன்றாக இருக்கிறதல்லவா? உண்மையாகவே உறுத்தவில்லையே?

களைப்பாக இருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

சுண்டு


ஜூன் 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்சம் பலவீனம் என்கிறாய், மாதாமாதம் டிரிப் என்கிறாய். இதில் எது கொஞ்சம்?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான் கொடுத்தது போதவில்லை. அன்றைக்கு மெஷினில் நாலு மணி நேரம் எடுத்த பிறகு அந்த நர்ஸ், "தேவைப்பட்டால் நாளைக்கும் எடுப்போம்" என்றாள். மறுநாள் எடுக்கவில்லை. அதில் குறைந்திருக்கும். என்னிடம் நிறைய இருக்கிறது, இன்னொரு முறை எடுத்துக்கொள்ளச் சொல். ஊசி போட்ட ஐந்து நாளும் இடுப்பெலும்பு கழன்றுவிடும்போல வலித்தது என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே தாங்கினேன் அல்லவா, இன்னொரு முறையும் தாங்குவேன்.

பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பையும் கட்டியாகிவிட்டது. தேதி மட்டும் எழுது.

பல் நன்றாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

நலம். நீ வரவேண்டாம். லீவை ரத்து செய்துவிடு.

உன் ரத்தம் இனி வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். இதைப் பற்றி மேற்கொண்டு எழுதாதே.

சுண்டு


ஜூலை 12

தம்பிக்கு,

நலம்.

லீவை ரத்து செய்துவிட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். காது கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் ஒன்றும் ஏலம் போடவில்லை. ஆனால் அதை இப்படி வேறொருத்தி கையெழுத்தில் இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 30

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இது அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்வரை அவர் தூங்கவேண்டும்.

அந்த இரண்டு வரியை எழுதியது என் கை. எழுத மாட்டேன் என்று சண்டை போட்டேன். "எழுது, இல்லேன்னா அவ பஸ் ஏறிடுவா" என்றார். நீங்கள் வந்தால் டாக்டரைப் பார்ப்பீர்கள், டாக்டர் சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பயம்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒயர் மேல ரப்பர் உறை இருக்குல்ல, அந்த மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கு. புது ரத்தத்துல வந்த எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியம்னு நெனச்சு அரிக்குது." புது ரத்தம் என்றால் உங்கள் ரத்தம், அண்ணி. உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை, அபூர்வமாக இப்படி நடக்குமாம். அதே அணுக்கள்தான் புற்று திரும்பி வராமல் காவலும் காக்கின்றனவாம். அடியோடு அடக்கினால் புற்று வரலாம். அடக்காமல் விட்டால் நரம்பு போய்விடும். கயிற்றின்மேல் நடப்பதுபோல மருந்து கொடுக்கிறார்கள். இந்த நிலையில் இன்னும் ரத்தம் ஏற்றினால் நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான்.

"அக்காகிட்ட சொல்லிடலாமே" என்று நூறு முறை கேட்டுவிட்டேன். "சொன்னா அவ தன்னோட உடம்பையே வெறுத்துடுவா" என்கிறார்.

இன்னொன்றும் உண்டு. மே மாதம் ஒரு பெரியவருடைய செட்டை இவர் தடவிப் பார்த்துச் சரி என்று அனுப்பிவிட்டார். அது அவர் நாக்கைக் கிழித்துவிட்டது. பின்னாலேயே இன்னும் இரண்டு திரும்பி வந்தன. கூட்டாளி வந்து மூன்று செட்டையும் மேஜையில் வைத்தார். இவராகவே, "இனிமே எங்கிட்ட அனுப்பாதே" என்றார். இருபத்தாறு வருட வேலை, அண்ணி. மரத்த விரலுக்கு எல்லாமே வழவழவென்றுதான் இருந்திருக்கிறது. இப்போது நாள் முழுக்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்கும் அலுத்துவிட்டது. டிரிப், மாத்திரை, படி, மறுபடி டிரிப். அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது இரண்டு பேரும் சுவரைத்தான் பார்க்கிறோம்.

உங்கள் பல்லைச் செய்தபோதே விரல் மரத்திருந்தது என்று இப்போதுதான் என்னிடம் ஒப்புக்கொண்டார். உங்கள் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம், "நெசமாவே உறுத்தலையா, இல்ல எனக்காகச் சொல்றாளா?" என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். அவருக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


அக்டோபர் 4

என் சுண்டுவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்விக்கு இந்த முறை நிஜமான பதில் வேண்டும்.

உன் மனைவி எனக்கு எல்லாம் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. திட்டினால் நான் பஸ் ஏறுவேன்.

இரண்டு மாதம் நான் எழுதவில்லை. கோபமில்லை, பேனாவை எடுத்தால் என் கையே எனக்குப் பிடிக்கவில்லை. குளிக்கும்போது முழங்கையில் ஊசி குத்தின இடத்தைப் பார்ப்பேன். இதற்குள் ஓடுவதுதான் அவனை அரிக்கிறது என்று நினைப்பேன். நீ பயந்தது சரிதான், வெறுத்தேன். ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அன்று எனக்கு ரத்தம் எடுத்த அந்த நர்ஸைத் தேடிப் போனேன். "நான் கொடுத்தது கெட்ட ரத்தமா?" என்று கேட்டேன். அவள் என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள்: "கெட்ட ரத்தமா இருந்தா உங்க தம்பி போன வருஷமே போயிருப்பாரும்மா." அங்கே காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

மறுபடியும் உன்னைக் கடித்துவிட்டேன், சுண்டு. இந்த முறை நீ கோட்டைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் சண்டை போட்டால் எழுது என்று சொன்னேனே, ஏன் எழுதவில்லை? அதற்காகத்தான் எனக்குக் கோபம். ஐந்து வயதில் அந்தக் கடிக்கு ஊரைக் கூட்டி அழுதவன் நீ.

உன்னைக் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ செய்த பல் என்னைக் குத்தியது. முதல் நாளே குத்தியது. இடது ஓரத்தில் ஈறு கிழிந்து புண்ணாகி, ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் விழுங்கினேன். போட்டோவுக்காகப் போட்டுச் சிரித்ததுதான் கடைசி. அன்றிலிருந்து அது தண்ணீர்க் குவளையில் கிடக்கிறது. இங்கேயே அந்தச் சின்ன டாக்டரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ராவித் தந்திருப்பாள். உன் வேலையில் வேறொருவர் கைவைப்பதா என்று போகவில்லை. வாயில் ரத்தத்தோடு உனக்குக் கச்சிதம் என்று எழுதினேன். நான் மட்டும் உண்மையை எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே உன் விரல் மரத்தது வெளியே வந்திருக்கும். மருந்தையும் முன்னாலேயே ஆரம்பித்திருப்பார்கள். அந்தப் பெரியவர் நாக்கும் பிழைத்திருக்கும். நீ எனக்கு ஒளித்தாய், நான் உனக்கு ஒளித்தேன். நல்ல அக்கா, நல்ல தம்பி.

பல்லைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இடது ஓரம். சரிசெய்து அனுப்பு. வேறு யாரும் தொடக்கூடாது.

அக்கா


அக்டோபர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இது என் கையெழுத்து. பேனாவில் துணி சுற்றி, முஷ்டியால் பிடித்து எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. நாலு நாளாக எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக இருக்கும்.

நீ கேட்ட நிஜமான பதில்: நன்றாக இல்லை. பாதம் இன்னும் தொங்குகிறது. விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. அரிப்பது நின்றிருக்கிறது, போனது எவ்வளவு திரும்பும் என்று தெரியாது, வருடக்கணக்கு ஆகலாம் என்கிறார் டாக்டர். புற்று வரவில்லை. உன் ரத்தம் கடிக்கவும் கடித்தது, காவலும் காக்கிறது, உன்னைப்போலவே. களைப்புத்தான் தாங்கவில்லை. சில நாள் பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. உன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பயம்தான், நீ அழுவாய் என்று.

உன் பார்சல் வந்தபோது நானும் அழுதேன். ஆறு மாதம் அந்தப் பல்லைக் குவளையில் போட்டு வைத்தாயே.

இரண்டு நாள் அதைப் பெட்டியோடு மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலால் தடவினேன், வழவழவென்றுதான் இருந்தது. மூன்றாம் நாள் இவள் குடித்துவிட்டு வைத்த கண்ணாடித் தம்ளரை வாயில் வைத்தேன். விளிம்பில் ஒரு சின்ன உடைசல், உதட்டில் சுருக்கென்றது. அப்போதுதான் உறைத்தது, எனக்கு விரல்தான் மரத்திருக்கிறது, உதடு மரக்கவில்லை.

பல்லை மருந்துத் தண்ணீரில் கழுவி, கண்ணை மூடிக்கொண்டு, ஓரம் முழுக்க உதட்டால் தடவினேன். இடது ஓரம், உள்பக்கம், கடுகில் பாதி அளவுக்கு ஒரு முள். அதுதான் உன்னைக் கிழித்தது. கிடைத்ததும் கத்திவிட்டேன். இவள் ஓடி வந்து பார்த்தாள். "என்ன, பல் செட்டுக்கு முத்தம் கொடுக்கிறீங்களா?" என்றாள். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அரத்தை இவள் பிடித்தாள், நான் உதட்டில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பல் செட்டுக்கு ஆறு நாள். போட்டுப் பார்த்து எழுது. இந்த முறை பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

சுண்டு


நவம்பர் 15

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். முழங்கால் மோசம், காது அதைவிட மோசம். தூக்கம் பரவாயில்லை. கேட்டதற்கெல்லாம் நிஜமான பதில் எழுதிவிட்டேன்.

பல் வந்தது. உடனே போட்டேன். இடது ஓரம் இப்போது குத்தவே இல்லை. காய்ந்த ரொட்டியை நனைக்காமல் கடித்துத் தின்றேன். தொழிற்சாலையில் வாயை மூடாமல் சிரித்தேன்.

மூன்று நாள் நன்றாக இருந்தது. நாலாம் நாள் வலது ஓரம் உறுத்த ஆரம்பித்தது. புண் ஆகவில்லை, லேசாகச் சிவந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்து எந்த இடம் என்று படம் போட்டிருக்கிறேன். இத்துடன் பல்லையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உனக்கு எங்கே வலிக்கிறது என்று நீயும் எழுது. எனக்கு எங்கே உறுத்துகிறது என்று நான் எழுதுவேன். அவளைப் பொறுமையாக அரம் பிடிக்கச் சொல். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, ரொட்டியும் பாலும் வீட்டில் இருக்கிறது.

அக்கா